ஓடிய வயிறும் ஓடாத வயிறும்: பேராக் தோட்டத் தமிழரின் குடலியக்கக் கோளாறுகள் – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

மலாயாத் தமிழரின் நோய் வரலாற்றை எழுதியோர் முதலிடத்தை மலேரியாவுக்கு அளித்தனர். காடழித்து ரப்பர் நட்ட காலத்தில் அந்நோய் கொண்டுபோன உயிர்களை எண்ணினால் இது இயல்பே. அதற்கடுத்த நிலையில் சீதபேதி, வயிற்றுப்போக்கு, வாந்திபேதி, கொக்கிப்புழு நோய் ஆகியவை பேசப்படும். இவை உயிரைக் குடித்த நோய்கள். ஆதலால் எண்ணப்பட்ட நோய்கள். உயிரைக் குடிக்காமல் ஆயுள் முழுதும் உடனிருந்த வயிற்று நோய்கள் வேறு. மலச்சிக்கல், மந்தம், பொருமல், உப்புசம், சில நாள் கட்டியும் சில நாள் கழிந்தும் வரும் கிரகணி ஆகியவற்றைப் பற்றி நம் வரலாற்று நூல்களில் ஒரு பத்தியேனும் காண்பது அரிது.

இத்தகைய தொல்லைகளுட் பலவற்றை இன்றைய மருத்துவம் 'குடலியக்கக் கோளாறுகள்' என்னும் தொகுதியில் வைத்து ஆராய்கிறது. குடலில் புண்ணோ கட்டியோ கிருமியோ இல்லாதபோதும், உணவை முன்தள்ளும் தசையலைகள் வேகம் குன்றியோ மிகுந்தோ ஒழுங்கு தவறியோ போகக்கூடும். சிலருக்கு அலைகள் சீராகவே இருக்க, அவற்றைக் குடல் மிகையாக உணரும். ஈப்போவின் சிலிபின் வட்டாரத்தையும் பேராக்கின் முன்னாள் ரப்பர்த் தோட்டங்களையும் மனத்திற்கொண்டு, இந்நோய்கள் யாரால் அறியப்பட்டன, யாரால் பராமரிக்கப்பட்டன என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. காலனித்துவ மருத்துவம் ஓடிய வயிற்றை மட்டுமே கண்டது. ஓடாத வயிற்றுக்குப் பெயரும் மருந்தும் தமிழர் வீட்டிலேயே இருந்தன. அப்பெயரை மருத்துவமனை கேட்டும் புரிந்துகொள்ளவில்லை என்பது இக்கட்டுரையின் கருத்து.

சிலிபினும் தோட்டங்களும்

பேராக்கின் ரப்பர் வரலாறு 1877ஆம் ஆண்டில் கோலகங்சாரில் நடப்பட்ட சில கன்றுகளிலிருந்து தொடங்குகிறது. கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈய வளம் ஈப்போவை நகரமாக்கியது. ஈயச் சுரங்கங்களில் பெரும்பாலும் சீனர் உழைக்க, இருப்புப்பாதை, பொதுப்பணி, ரப்பர்த் தோட்டம் ஆகியவற்றில் தமிழர் உழைத்தனர். ஜெலப்பாங் செல்லும் வழியிலுள்ள சிலிபினில் லூர்து மாதா ஆலயத்தைச் சூழ்ந்து தமிழ்க் கத்தோலிக்கர் குடியேறினர். செயின்ட் பிலோமினா கான்வென்ட் தமிழ்ப்பள்ளியும் அச்சமூகத்தின் கல்வி வரலாற்றோடு இணைந்தது. பிற்காலத்தில் தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் வீடமைப்பு நிலங்களாக மாறியபோது, லயங்களை விட்டு வெளியேறிய குடும்பங்களுள் பல சிலிபின், புந்தோங் முதலிய பகுதிகளுக்கு வந்து சேர்ந்தன. ஆகவே இன்றைய சிலிபினில் முதியவர் ஒருவரின் வயிற்றைப் பற்றிப் பேசுவது பெரும்பாலும் ஒரு தோட்டத்தைப் பற்றியும் பேசுவதாகும்.

ஏடுகள் எண்ணிய வயிறு

தொழிலாளர் கப்பலேறியது முதலே வயிறு கண்காணிப்புக்குரிய பொருளாயிற்று. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியோர் பினாங்கை அடைந்ததும் புலாவ் ஜெர்ஜாக் தனிமைப்படுத்தல் நிலையத்தில் தங்கவைக்கப்பட்டனர். வாந்திபேதியும் அம்மையும் கரையேறாமல் தடுப்பதே அதன் நோக்கம். தோட்டத்தில் இறங்கியபின், வேலை செய்யும் உடலா, செய்யாத உடலா என்பதே கேள்வி. கூட்டு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு குடியிருப்பு, குடிநீர், துப்புரவு, மருத்துவம் ஆகியவற்றை முதலாளியின் கடமையாக்கியது. ஆயினும் தகுதிபெற்ற மருத்துவர் ஒவ்வொரு தோட்டத்திலும் தங்கியிருக்கவில்லை. பல தோட்டங்களுக்குப் பொதுவான மருத்துவர் ஒருவர் குறித்த நாளில் வந்து போவார். அன்றாட மருத்துவம் டிரெசரின் கையில் இருந்தது.

கொக்கிப்புழுவின் வரலாறு இவ்விடத்தில் சற்று விரிவாகக் கூறத்தக்கது. ராக்பெல்லர் அறக்கட்டளையின் சார்பில் சாமுவேல் டெய்லர் டார்லிங் தலைமையில் அமைந்த ஆய்வுக்குழு 1915 முதல் 1917 வரை மலாயா, ஜாவா, பிஜி ஆகிய இடங்களில் ஆய்வு நடத்தியது. அதன் அறிக்கை 1920இல் வெளிவந்தது. மலத்தில் புழுவின் முட்டை உண்டா இல்லையா என்பதோடு டார்லிங் நின்றுவிடவில்லை. மருந்து கொடுத்து வெளியேறிய புழுக்களை எண்ணி, ஓர் உடல் எத்தனை புழுக்களைச் சுமக்கிறது என்று அளந்தார். சுமை மிகுந்தால் சோகை, சோர்வு, வேலைக்குறைவு. நோயின் இருப்பைவிட நோயின் அளவே முக்கியம் என்னும் இந்த நோக்கு மருத்துவ வரலாற்றில் உண்மையிலேயே ஒரு முன்னேற்றம்.

எனினும் சிகிச்சை முறை என்ன? தைமால், பின்னர்க் கீனோபோடியம் எண்ணெய், 1921க்குப் பிறகு கார்பன் டெட்ராகுளோரைடு. இம்மருந்துகளின் நச்சுத்தன்மை காரணமாகவும் புழுக்களை வெளியேற்றவும் உடன் பேதியுப்பும் கொடுக்கப்பட்டது. தொழிலாளியின் வயிறு நிறுவன மருத்துவத்தைச் சந்தித்த வேளைகளுள் மிகப் பல இவ்வாறு வலிந்து கழியவைக்கப்பட்ட வேளைகளே. கொக்கிப்புழு நோயர்க்கு மேல்வயிற்று வலியும் மாறி மாறி மலச்சிக்கலும் கழிச்சலும் தோன்றும். புழு போன பின்னும் அத்தொல்லை நீடித்தோர் இருந்திருப்பர். அவர்களைக் கணக்கிட எந்தப் பட்டியலும் வகுக்கப்படவில்லை. மருத்துவமனை ஆண்டறிக்கைகளின் நோய் அட்டவணைகளில் மலச்சிக்கலும் செரியாமையும் ஒவ்வொரு வரியாக இடம்பெறுவதுண்டு. அவ்வரி எந்தக் கொள்கையையும் தொடவில்லை. வேலைக்கு வரக்கூடியவன் நோயாளி அல்லன் என்னும் கணக்கில் அது கரைந்துபோயிற்று.

புழுங்கல் அரிசியும் குன்னூர்க் குரங்குகளும்

குடலின் இயக்கத்துக்கும் உணவுக்கும் உள்ள உறவை அறிய மலாயாவும் தமிழகமும் ஒருசேரப் பங்களித்தன என்பது நம் ஆய்வாளர் பலர் கவனியாத செய்தி. கிந்தாவின் ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனர் பெரிபெரி நோயால் பெருந்தொகையாய் மடிந்தனர். அதே மாநிலத்தில் தமிழரிடையே அந்நோய் அருகியே காணப்பட்டது. தமிழர் உண்டது புழுங்கல் அரிசி என்பதை பிராடன் சுட்டிக்காட்டினார். கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் 1905 அளவில் பிளெட்சர் இருவகை அரிசியையும் இரு குழுவினர்க்கு அளித்துச் சோதித்தார். பின்னர் பிரேசரும் ஸ்டான்டனும் நெகிரி செம்பிலானில் ஏறத்தாழ 300 ஜாவானியத் தொழிலாளரிடையே சோதித்துத் தீட்டிய அரிசியே காரணம் என்று 1909இல் நிறுவினர். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் என்னும் உயிர்ச்சத்து அரிசியின் உட்புறம் சென்று தங்குகிறது. இச்சத்து குன்றினால் கால் மரத்துப்போவதும் இதயம் தளர்வதும் மட்டுமல்ல, பசியற்றுக் குடலும் சோர்ந்துவிடும். ஆகவே புழுங்கல் அரிசி தோட்டத் தமிழரின் நரம்பைக் காத்ததுபோல் குடலையும் ஓரளவு காத்தது எனலாம்.

இதனைக் குடலிலேயே கண்டு காட்டியவர் இராபர்ட் மெக்காரிசன். நீலகிரியின் குன்னூரில் பாஸ்டர் ஆய்வகத்தில் 1918இல் அவர் தம் உணவாய்வுகளைத் தொடங்கினார். உயிர்ச்சத்து நீங்கிய உணவு அளிக்கப்பட்ட குரங்குகள் கழிச்சலுற்றன. அவற்றின் குடலை அறுத்து நோக்கியபோது உட்சவ்வு அழன்றிருந்ததோடு தசையும் நரம்புப் பின்னலும் சிதைந்திருந்தன. இரைப்பை விரிந்தும், குடலின் சில பகுதிகள் பலூன்போல் ஊதியும், சில இடங்களில் குடல் குடலுக்குள் செருகியும் கிடந்தன. 1921இல் வெளிவந்த அவரது நூல் இவற்றை விரித்துரைக்கிறது. குடலின் இயக்கக் கேட்டினை உணவுக்குறையோடு இணைத்த தொடக்ககாலச் சோதனைகளுள் இதற்குச் சிறப்பிடம் உண்டு. அதுவும் தமிழ் மண்ணில் நடந்தது. அதே மெக்காரிசன் பின்னர் இந்தியாவின் பல வட்டார உணவுகளை எலிகளுக்கு அளித்துச் சென்னை மாகாண உணவைக் கடைநிலையில் வைத்தார். அவர் அளந்தது வறியவரின் தட்டு. அதனைச் சமையல் மரபின் குறையாக வாசிப்பது பொருந்தாது.

தோட்டத்தின் தட்டும் வறியவரின் தட்டே. சோறு மிகுதி, பருப்பும் கீரையும் கருவாடும் சிறிது. ஜப்பானியர் ஆட்சிக்காலமாகிய 1942 முதல் 1945 வரை சோறும் அருகி மரவள்ளிக் கிழங்கே உணவாயிற்று. சயாம் மரண இரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டவர்களுள் வாந்திபேதியாலும் சீதபேதியாலும் மாண்டவர் மிகப் பலர். மீண்டு வந்தோரின் வயிறு எந்நிலையில் இருந்தது என்பதை எந்த மருத்துவரும் தொடர்ந்து பார்க்கவில்லை.

அபானனும் விளக்கெண்ணெயும்

ஏடுகள் எண்ணாத வயிற்றை வீடு எண்ணியது. திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய 'மருந்து', முன்னர் உண்டது செரித்ததா என்பதையே உடல்நலத்தின் முதற்கேள்வியாக வைக்கிறது. தேரையரின் 'பிணியணுகா விதி' நான்கு திங்களுக்கு ஒருமுறை பேதிமருந்து உட்கொள்வதை நல்லொழுக்கங்களுள் ஒன்றாகச் சேர்க்கிறது. பள்ளி விடுமுறைக் காலையில் பிள்ளைகளை வரிசையாய் நிறுத்தி விளக்கெண்ணெய் புகட்டிய தோட்டத்துத் தாய்மார் அந்நூலைப் படித்தவர் அல்லர், அம்மரபைக் கைவிடாதவர்.

இவற்றினும் முக்கியமானது சித்த மருத்துவத்தின் வாயுக் கொள்கை. உடலில் இயங்கும் பத்து வாயுக்களுள் அபானன் கீழ்நோக்கிச் செல்வது. மலத்தையும் நீரையும் வெளித்தள்ளுவது அதன் தொழில். அது தடுமாறினால் வயிறு பொருமும், மலம் கட்டும், வலி தோன்றும். இக்கோட்பாட்டைத் தற்கால உடலியங்கியலோடு சமன்படுத்துவது மிகை. அத்தகைய சமன்பாடுகள் நம் மேடைகளில் ஏற்கெனவே வேண்டிய அளவு உண்டு. ஆயினும் ஒன்று தெளிவு. குடலில் உள்ள பொருளைப் போலவே குடலின் அசைவும் நோய்க்கு இடமாகலாம் என்னும் எண்ணம் தமிழ்ச் சொல்லுக்குள் பழமையாகவே இருந்தது. வயிற்றில் வாயு என்று தோட்டத் தொழிலாளி கூறியபோது, அசைவில் கோளாறு என்றே அவர் கூறினார். கேட்டவர் காதில் அது வெறும் காற்றாக விழுந்தது. ஓமமும் பெருங்காயமும் சுக்கும் கடுக்காயும் நிலாவரையும் வீட்டு அஞ்சறைப் பெட்டியிலும் நாட்டுமருந்துக் கடையிலும் இருந்தன. டிரெசரிடம் போனால் கிடைத்தது பேதியுப்பு. இரு மருத்துவங்களும் கழியவைப்பதில் மட்டும் உடன்பட்டன. ஏன் கழியவில்லை என்னும் வினா இரண்டுக்கும் இடையில் நின்றுவிட்டது.

பிரட்டு நேரமும் குடலின் நேரமும்

ரப்பர்ப்பால் விடியற்குளிரில்தான் நன்கு வடியும். ஆகவே பொழுது புலருமுன் பிரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவர். அதன்பின் நிரைக்குச் செல்ல வேண்டும். உறங்கி எழுந்தபின்னும் உணவு இரைப்பையை நிரப்பியபின்னும் பெருங்குடல் விழித்தெழுவது உடலியற்கை. அந்த நேரமே தொழிலாளியின் கையில் இல்லாத நேரம். வெறும் வயிற்றிலோ வறக்காப்பியோடோ புறப்பட்டவர் முற்பகல்வரை மரங்களுக்கிடையே நடந்தார். ஆண்கள் ஒதுங்க இடம் கண்டிருப்பர். பெண்கள் நிலை வேறு. கழிப்பிடம் போதாத லயங்களில் இருட்டும்வரை அடக்கிக்கொள்வதே அவர்களின் ஒழுக்கமாகக் கருதப்பட்டது. அவ்வாறு நெடுங்காலம் அடக்கினால் மலக்குடலின் உணர்வு மழுங்கும். முக்கும்போது தளரவேண்டிய தசை இறுகும். இன்று மருத்துவர் இதனை வெளியேற்றக் கோளாறு எனத் தனியே வகுத்துக் கூறுகின்றனர். எத்தனை பெண்களுக்கு இது நேர்ந்தது என்பதற்குப் புள்ளிவிவரம் எழுதப்படவே இல்லை. எனினும் தோட்டப் பெண்களின் வயிற்றுத் தொல்லையை உணவின் குறையாக மட்டும் விளக்குவது போதாது என்றும் வேலை நேரமும் கழிப்பிடமும் அதன் காரணிகள் என்றும் கருத வலுவான இடமுண்டு. தோட்டத் துப்புரவு வரலாற்றை எழுதுவோர் கழிப்பிடத்தைப் புழுவோடு மட்டும் இணைத்து எழுதுவதை இனியேனும் மாற்றிக்கொள்ளலாம்.

அளவையின் வருகை

குடலின் அசைவு அறிவியலுக்குக் கண்ணில் பட்டது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில்தான். 1886இல் ஹிர்ஷ்ஸ்பிரங் பெருங்குடல் வீங்கிய குழந்தைகளை விவரித்தார். நரம்பணுக்கள் இல்லாமையே அதற்குக் காரணம் என்பது பின்னரே தெளிவாயிற்று. 1890களின் பிற்பகுதியில் வால்டர் கேனன் பிஸ்மத் கலந்த உணவைப் பூனைக்கு அளித்து எக்ஸ்ரே வழியாக இரைப்பையின் அலைகளைக் கண்டார். 1899இல் பெய்லிசும் ஸ்டார்லிங்கும், உணவுக்குப் பின்னால் குடல் சுருங்கி முன்னால் தளர்வதைக் 'குடலின் விதி' என்றனர். நோயாளியிடம் எளிதாய்ப் பயன்படும் அளவை 1969இல் வந்தது. எக்ஸ்ரேயில் தெரியும் சிறு பிளாஸ்டிக் துணுக்குகளை விழுங்கச் செய்து, அவை வெளியேறும் காலத்தைக் கணக்கிடும் முறை அது. அம்முறையைக் கொண்டு பர்க்கிட்டும் அவர்தம் குழுவினரும் 1972இல் வெளியிட்ட ஆய்வில், நார்ச்சத்து மிகுந்த உணவுண்ட உகாண்டா நாட்டுப்புறத்தார்க்கு ஏறத்தாழ ஒன்றரை நாளும், பிரித்தானியர் சிலர்க்கு மூன்று நாளுக்கு மேலும் ஆனமை தெரிந்தது.

அறிகுறிகளைக் கொண்டே நோயை வரையறுக்கும் முயற்சி 1978ஆம் ஆண்டின் மானிங் வரைமுறையில் தொடங்கி, ரோம் வரைமுறைகளாக வளர்ந்து, 2016இல் நான்காம் பதிப்பை எட்டியது. மலேசியாவில் 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வு, மருத்துவ மாணவர்களுள் 15.8 விழுக்காட்டினர்க்குக் குடல் எரிச்சல் நோயின் அறிகுறிகள் இருந்ததாகக் காட்டியது. கல்வியும் வசதியும் உடைய இளைஞரிடையே இந்நிலை எனில், இது தோட்ட வறுமையின் நோய் மட்டுமன்று என்பது தெளிவு.

ஆயினும் ரோம் வரைமுறை மேலைநாட்டார் நாவில் பிறந்தது. வலியை நடுநாயகமாக வைத்து அது கேட்கிறது. ஆசிய நோயாளர் பலர் முதலில் சொல்வது வலியன்று, உப்புசம். 2010இல் வெளிவந்த ஆசியக் கருத்தொருமை அறிக்கை இதனை வெளிப்படையாகவே எடுத்துரைத்தது. அதனை உருவாக்கியோருள் ஈப்போவில் பணியாற்றிய குடல்நோய் மருத்துவர் ஒருவரும் உண்டு. மலாய்மொழியில் 'ஆங்கின்', 'கெம்போங்' என்னும் சொற்களும் தமிழில் 'வாயு', 'பொருமல்' என்னும் சொற்களும் நோயறிதலுக்குள் நுழைய இவ்வளவு காலம் பிடித்தது.

தோட்டம் நீங்கிய பின்

சிலிபினுக்கு வந்து சேர்ந்தோரின் வயிறு வேறொரு காலத்துக்குள் நுழைந்தது. கழிப்பிடம் வீட்டுக்குள் வந்தது, நடை குறைந்தது, வெண்மாவும் சீனியும் மிகுந்தன. 2019ஆம் ஆண்டுத் தேசிய உடல்நல ஆய்வின்படி மலேசியப் பெரியோருள் 18.3 விழுக்காட்டினர்க்கு நீரிழிவு. இந்தியரிடையே அது 31.4 விழுக்காடு. நெடுநாள் நீரிழிவு குடலின் தன்னியக்க நரம்புகளைக் கெடுக்கும். அதனால் இரைப்பை காலியாவது தாமதமாகலாம், மலச்சிக்கல் நிலைக்கலாம், இரவில் கழிச்சல் வரலாம். நீரிழிவுக்கு உண்ணும் மெட்பார்மின் தானும் கழிச்சலைத் தரவல்லது. சோகைக்கான இரும்பு மாத்திரையும் இரத்த அழுத்த மாத்திரைகள் சிலவும் மலத்தைக் கட்டும். ஆகவே இத்தலைமுறையின் குடலியக்கக் கோளாற்றை அறிய முதற்கருவி மருந்துப்பையைத் திறந்து பார்ப்பதே.

நோயறியும் முறையை இங்குச் சுருக்கமாகக் கூறலாம். மலத்தில் குருதி, காரணமற்ற எடைக்குறைவு, சோகை, ஐம்பதை ஒட்டிய வயதில் புதிதாய்த் தோன்றிய மாற்றம், குடும்பத்தில் குடற்புற்று ஆகியவற்றுள் ஒன்று இருப்பினும் முதலில் குடலுள்நோக்கிப் பரிசோதனை வேண்டும். வாயு என்று சொல்லி அதனைத் தள்ளிப்போடுதல் ஆபத்து. அவை இல்லையெனில் தைராய்டு, சர்க்கரை, குருதியணு ஆகியவற்றின் எளிய சோதனைகளும் கவனமான விசாரணையும் பெரும்பாலோர்க்குப் போதும். தேவைப்படுவோர்க்குத் துணுக்குச் சோதனை, மலக்குடல் அழுத்த அளவை, இரைப்பை காலியாகும் வேக அளவை முதலியன உண்டு. பராமரிப்பில் இசப்கோல், போதிய நீர், காலை உணவுக்குப் பின் அவசரமற்ற நேரம் ஆகியவை முதற்படி. குடலில் நீரை நிறுத்தி மலத்தை இளக்கும் மருந்துகள் அடுத்தபடி. இயக்கத்தைத் தூண்டும் மருந்துகளில் எச்சரிக்கை வேண்டும். ஒரு காலத்தில் பரவலாய் வழங்கிய சிசாபிரைடு இதயத் துடிப்பைக் குலைத்தமையால் 2000ஆம் ஆண்டளவில் பல நாடுகளில் விலக்கப்பட்டது. இறுகிய தசையைத் தளர்த்தப் பழக்கும் பயிற்சி, அடக்கிப் பழகிய பெண்களுக்கு எந்த மாத்திரையினும் நல்ல பயன் தருவது. நாட்டுமருந்துக் கடையிலோ மருந்தகத்திலோ வாங்கிய நிலாவரையை ஆண்டுக்கணக்கில் உண்பவர் அதனை மருத்துவரிடம் சொல்வதில்லை, மருத்துவரும் கேட்பதில்லை.

கேட்கும் மொழியே இங்குப் பெரிய இடையூறு. முதிய தோட்டப் பெண் ஒருவர் ஆண் மருத்துவரிடம், பெரும்பாலும் மலாய்மொழியில், பேரப்பிள்ளை உடனிருக்கத் தம் மலத்தைப் பற்றிப் பேச வேண்டியுள்ளது. அவர் வாயு என்று மட்டும் சொல்லி நிறுத்துவார். எத்தனை நாளுக்கு ஒருமுறை, இறுகியா இளகியா, முக்க வேண்டியுள்ளதா, முழுதும் போனதாகத் தோன்றுகிறதா, தோட்டத்தில் இருந்தபோது எப்போது போவீர்கள் என்னும் ஐந்து வினாக்களையும் அவர் வெட்கமின்றி விடைகூறும் தமிழில் எழுதித் தருவது மருத்துவத் துறையின் வேலை மட்டுமன்று. வயிற்றைப் பற்றிய பேச்சுவழக்குச் சொற்களைத் தோட்ட முதியோரிடமிருந்து தொகுக்கும் பணியை எந்தத் தமிழாசிரியரும் தம் மாணவரைக் கொண்டு ஒரு பருவத்துள் செய்து முடிக்கலாம். அச்சொற்களை அறிந்த தலைமுறைக்கு இப்போது எழுபது எண்பது வயதாகிறது.